ஏர் மார்ஷல் பத்மாவதி பந்தோபாத்யாய், "முதல் பெண்"ங்கிறதுக்கு அப்புறம் என்ன?

போன வாரம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் பஸ் ஏறினப்போ, கொரோனா டைம்ல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஹேண்ட்பேக்ல கெடந்துச்சு, சரின்னு விரல்ல மாட்டிக்கிட்டே வந்தேன். அடிவாரத்துல 98 காட்டுச்சு, பர்லியார் தாண்டி வளைவு வளைவா ஏறி வெலிங்டன் கிட்ட போறப்போ 95. மூச்சு வாங்கல, தலை சுத்தல, பக்கத்து சீட் அம்மா கொடுத்த முறுக்க தின்னுக்கிட்டு ஜம்முனுதான் இருந்தேன். ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சது மிஷினுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. பதினஞ்சு வருஷமா மெடிக்கல் காலேஜ்ல பிசியாலஜி எடுக்கறேன், இத போர்டுல எத்தனையோ தடவ படம் போட்டிருக்கேன், ஆனா சொந்த விரல்ல பார்த்தது அன்னைக்குத்தான்.

அப்போதான் நம்ம ஏர்ஃபோர்ஸ் டாக்டர், ஏர் மார்ஷல் பத்மாவதி ஞாபகம் வந்துச்சு. அந்த வெலிங்டன்ல இருக்கற, முப்படை அதிகாரிகள் படிக்கற டிஃபென்ஸ் ஸ்டாஃப் காலேஜ்ல 1978ல கோர்ஸ் முடிச்சவங்க அவங்க, அங்க முடிச்ச முதல் பெண் அதிகாரி. நம்ம ஆளுங்க இந்த "முதல் பெண்"ணோட நிறுத்திடறாங்க, எனக்கு வருத்தமே அதுதான். ஏர்ஃபோர்ஸ்ல முதல் பெண் ஏர் மார்ஷல் யாருன்னு கேட்டா குரூப் எக்ஸாம் படிக்கற புள்ளைங்க டக்குனு சொல்லிடும், சரி அவங்க என்ன டாக்டர், என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டா எங்க மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸே முழிக்கறாங்க.

1944ல திருப்பதியில தமிழ் பேசற குடும்பத்துல பொறந்து டெல்லியில வளர்ந்தவங்க. அம்மாவுக்கு டிபி, படுத்த படுக்கை, சின்ன வயசுலயே அம்மாவ பார்த்துக்கற பொறுப்பு இவங்க தலையில. பக்கத்துல குடியிருந்தவங்க யாருன்னா டாக்டர் எஸ்.ஐ.பத்மாவதி, பர்மாவுல பொறந்து, 1942ல ஜப்பான்காரன் படையெடுத்தப்போ தப்பிச்சு கோயம்புத்தூருக்கு வந்து, அப்புறம் டெல்லி லேடி ஹார்டிங்கில பாடம் எடுத்த பெரிய இதய டாக்டர். ஒரே பேரு! நோயாளி அம்மாவும், அடுத்த வீட்டுல தன் பேர்லயே ஒரு டாக்டரும் இருந்தா ஒரு பொண்ணு மனசுல என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1963ல புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, 1968ல ஏர்ஃபோர்ஸ், 71 போர்ல கணவரோட பஞ்சாப் ஹல்வாரா விமானத்தளத்துல டியூட்டி, அதுக்காக ரெண்டு பேருக்கும் ஒரே விழாவுல விருது. இதெல்லாம் எங்கயும் கிடைக்கும். நான் சொல்ல வர்றது அவங்க எடுத்துக்கிட்ட பாடத்தப் பத்தி, ஏவியேஷன் மெடிசின், அதாவது விமான மருத்துவம்.

மத்த டாக்டர்ஸ்கிட்ட நோயாளி வருவாங்க. இங்க வர்றது நல்ல ஆரோக்கியமான ஆளு, அவர் போற இடந்தான் உடம்புக்கு ஒத்து வராது. 18,000 அடியில காத்தோட அழுத்தம் பாதி ஆயிடும், ஆக்ஸிஜன் அப்பவும் அதே 21 சதவீதந்தான் ஆனா நுரையீரலுக்குள்ள தள்ளிவிட அழுத்தம் பத்தாது. 25,000 அடியில மாஸ்க் கழண்டா பைலட்டுக்கு உருப்படியா யோசிக்க மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷந்தான், அந்த நேரத்துல சில பேருக்கு பயம் வராது, குஷிதான் வரும். என் விரல்ல 95 காட்டினப்போ நான் முறுக்கு தின்னேனே அதேதான், அவர் கையில ஃபைட்டர் விமானம் இருக்கு. வேகமா திரும்பறப்போ 9ஜி, அதாவது பூமியோட ஈர்ப்பு மாதிரி ஒம்பது மடங்கு விசை வந்தா 70 கிலோ உடம்பு 630 கிலோவா கனக்கும், தலையில இருந்து ரத்தம் கீழ இறங்கி கண்ணு இருட்டிடும். இதையெல்லாம் அளந்து பார்த்து, "நீ இப்போதைக்கு பறக்க வேண்டாம்"னு பைலட் மூஞ்சிக்கு நேரா சொல்லணும், அவர் வாழ்க்கையே பறக்கறதுதான்னு தெரிஞ்சும் சொல்லணும். டெல்லியில ஏர்ஃபோர்ஸோட சென்ட்ரல் மெடிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்ல நடக்கற வேலை இது, அதுக்குத் தலைமை ஏத்த முதல் பெண்ணும் இவங்கதான். இதுக்கு ரேங்க் மட்டும் போதாது, அறிவியல் தெரிஞ்சிருக்கணும். இவங்க ஆர்க்டிக் குளிர்ல போய் ஆராய்ச்சி பண்ணவங்க, இவங்க சொன்னா பைலட் கேட்பாரு.

ராணுவ டாக்டர்ஸ்னா குண்டடிக்கு கட்டுப் போடறவங்கன்னு நெனைக்கறவங்க இன்னும் இருக்காங்க. 1969லயே இந்தர் சிங்கும் கூட இருந்த நம்ம ராணுவ டாக்டர்ஸும், 11,000 அடிக்கு மேல போன 1,925 வீரர்களப் பார்த்து, உயரத்துக்குப் போனா வர்ற மலை நோய் பத்தி நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல எழுதினாங்க. லடாக் டூர் போறவங்ககிட்ட ஏறினதும் ஓடாதீங்க, ரெஸ்ட் எடுங்கன்னு சொல்றோமே, அந்த அறிவு இந்த மாதிரி ஆளுங்க உழைப்புல வந்தது.

பத்மாவதி 2004ல ஏர் மார்ஷல் ஆகி மொத்த ஏர்ஃபோர்ஸ் மருத்துவத்துக்கும் தலைமை ஏத்தாங்க, 2020ல பத்மஸ்ரீ. அந்த 2020 பிப்ரவரியிலதான் ராணுவத்துல மெடிக்கல் தவிர வேற பல பிரிவுகள்ல இருந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி கொடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. கதவு பெண்களுக்கு மெடிக்கல் பக்கம்தான் முதல்ல தெறந்துச்சு, தெறந்த எடத்துல இவங்க என்ன செஞ்சாங்கன்னுதான் நாம பேசணும்.

வர்ற திங்கக்கிழமை ஹைபாக்ஸியா, அதாவது உடம்புக்கு ஆக்ஸிஜன் பத்தாம போறது பத்தி கிளாஸ், அந்த ஆக்ஸிமீட்டரையும் கொண்டு போறேன், இவங்க கதையில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ஏர்ஃபோர்ஸ்ல பறந்து ரிட்டயர் ஆனவங்க யாராவது இதப் படிச்சா உங்க மெடிக்கல் டெஸ்ட் அனுபவத்த எனக்கு எழுதி அனுப்புங்க, புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்.