ஆறு நகக் குழந்தை

இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சண்டை. ஒரு கதையில் செத்துப்போன ஃபெரெட் (கீரி மாதிரி ஒரு பிராணி) நல்லவனா கெட்டவனா என்று. நான் ஒரு பக்கம், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் மறுபக்கம். "ஏனுங்க, எலிக்கும் கீரிக்குமா இவ்வளவு நேரம்? தோசை ஆறுது" என்று மனைவி. வீட்டில் என் கட்சி எடுபடவில்லை, அதனால் இங்கே வந்திருக்கிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவையும் சொல்லப் போகிறேன். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

பிரையன் ஜேக்ஸ் எழுதிய ரெட்வால் வரிசையைச் சொல்கிறேன். (அவர் பெயரின் எழுத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் மாதிரி உச்சரித்துவிடாதீர்கள். அவர் லிவர்பூல்காரர். ஜேக்ஸ்தான்.) 1986இல் முதல் நாவல், 2011இல் கடைசி. மொத்தம் 22. கடைசி நாவல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மனிதர்களே இல்லாத உலகம். ரெட்வால் என்று செங்கல் நிறத்தில் ஒரு பெரிய மடம், அதில் சுண்டெலிகள், முள்ளெலிகள், அகழெலிகள் (ஆங்கிலத்தில் மோல்), நீர்நாய்கள் எல்லாம் கூடி வாழும். வெளியிலிருந்து பெருச்சாளியோ நரியோ ஃபெரெட்டோ படை திரட்டிக்கொண்டு வரும். சண்டை, விடுகதை, பழைய வாள், கடைசியில் விருந்து.

இந்த வரிசையைப் படித்தவர்களிடம் கருத்துக் கேட்டால் முதலில் வருவது சாப்பாடுதான். டர்னிப்பும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போட்டு மோல்கள் சுடும் பை, நீர்நாய்கள் காரம் தூக்கலாக வைக்கும் இறால் சூப், அக்டோபர் ஏல் என்ற பீர், ஸ்ட்ராபெரி சர்பத் என்று பக்கம் பக்கமாகப் போகும். பாதிப் பேருக்கு அதுதான் உயிர், மீதிப் பேருக்கு அதுதான் எரிச்சல். நான் முதல் கட்சி. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பழைய சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றவன்.

அந்தச் சாப்பாடு அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜேக்ஸ் 15 வயதில் பள்ளியை விட்டவர். கப்பலில் வேலை பார்த்தார், துறைமுகத்தில் பார்த்தார், லாரி ஓட்டினார். லிவர்பூலில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமானார். அவர்களுக்குப் படித்துக் காட்டத்தான் முதல் நாவலை எழுதினார். கண் தெரியாத பிள்ளைக்குக் கதை சொல்பவன் வாசனையையும் ருசியையும் குரலையும்தானே வைத்துச் சொல்ல முடியும்? அவருக்குப் பள்ளியில் பாடம் நடத்திய ஆலன் டர்பேண்ட் என்ற ஆசிரியர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, இவரிடம் சொல்லாமலேயே பதிப்பாளருக்கு அனுப்பினார். மிச்சம் எல்லாம் அதிலிருந்து வந்தது.

குரல் என்றேனே, அது இந்த நாவல்களில் பெரிய சமாச்சாரம். மோல்கள் பேசுவது இங்கிலாந்துக் கிராமத்துக் கொச்சை. முயல்கள் பழைய பட்டாளத்து அதிகாரி மாதிரி பேசும். மகளுக்கு வாய்விட்டுப் படிக்கும்போது மோல் பேச்சை எங்கள் கொங்குத் தமிழில் போட்டுப் பார்த்தேன். "ஏனுங் சாமி, அந்தப் பக்கமா போனா குழி இருக்குதுங்" என்றதும் சிரித்து உருண்டாள். மற்ற எந்த மொழிபெயர்ப்பும் எனக்குக் கைகூடவில்லை.

சரி, ஃபெரெட்டுக்கு வருவோம். கீரி மாதிரி நீள உடம்பு, ஆனால் கீரி இல்லை. இந்த உலகத்தில் ஃபெரெட் என்றால் கொள்ளைக்காரன். 1995இல் வந்த எட்டாவது நாவல் 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்', அதாவது ரெட்வாலிலிருந்து துரத்தப்பட்டவன். ஸ்வார்ட் என்ற ஃபெரெட் தலைவனுக்கு ஒரு கையில் ஆறு நகம். அவனுடைய குழந்தை சண்டைக்கு நடுவே கைவிடப்பட்டு மடத்துக்காரர்கள் கையில் கிடைக்கிறது. அதற்கும் ஆறு நகம். பிரயோனி என்ற இளம் சுண்டெலி "நான் வளர்க்கிறேன்" என்று வாங்கிக்கொள்கிறாள்.

குழந்தைக்குப் பெயர் வைப்பவள் மடத்தின் மூத்த பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு பிராணி) பெல்லா. வைக்கும் பெயர் வேல். முகத்திரை என்று பொருள். ஆங்கிலத்தில் அந்த நாலெழுத்தைக் கலைத்துப் போட்டால் 'ஈவில்' வரும், 'வைல்' வரும். இரண்டும் கெட்ட சொற்கள். பெல்லாவே அதை வைத்து ஒரு சின்னப் பாட்டுக் கட்டி, நான் பயப்படுவது நடக்காமல் போகட்டும் என்கிறாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு! நம் வீடுகளில் பெயர் சூட்டும்போது அத்தை வந்து காதில் மூன்று முறை சொல்வாள். இப்படி ஒரு பெயரை எந்த அத்தையாவது சொல்வாளா?

இதற்குப் பிறகு ஜேக்ஸ் செய்ததுதான் எனக்குப் பெரிய குறை. குழந்தை தவழ்ந்ததையும், யார் அதனோடு விளையாடினார்கள், யார் விளையாடவில்லை என்பதையும் எழுதவில்லை. பருவங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். அடுத்து நாம் பார்க்கும்போது அவன் வளர்ந்தவன். திருடுகிறான், பொய் சொல்கிறான், மடத்தில் எது காணாமல் போனாலும் எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்புகிறது. கடைசியில் மடப்பள்ளிச் சமையல்காரர் பன்ஃபோல்டுக்கு விஷம் வைத்து மாட்டிக்கொள்கிறான். சமையல்காரர் பிழைத்துக்கொள்கிறார், இவனைத் துரத்திவிடுகிறார்கள். தலைப்பு அவனைத்தான் சொல்கிறது என்றாலும் நாவலின் பெரும்பகுதி ஸ்வார்ட்டுக்கும் சன்ஃபிளாஷ் என்ற பேட்ஜருக்கும் நடக்கும் பகைதான். தலைப்பைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அந்த ஏமாற்றம் இன்றுவரை தீரவில்லை. சன்ஃபிளாஷ் கதை மோசம் என்று சொல்லமாட்டேன், அதைத் தனி நாவலாகவே போட்டிருக்கலாம்.

துரத்தப்பட்டவனைத் தேடிக்கொண்டு பிரயோனி காட்டுக்குள் போகிறாள். கூட ஒரு மோல் மட்டும். முடிவில் ஸ்வார்ட் அவளைக் குறிபார்த்து எறியும்போது வேல் குறுக்கே பாய்ந்து அவளைத் தள்ளிவிடுகிறான். ஈட்டி அவன் மேல் இறங்குகிறது. பெற்ற அப்பன் எறிந்தது. (தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. ஜேக்ஸுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.)

அதற்குப் பிறகு பிரயோனி எடுக்கும் முடிவுதான் முப்பது வருடமாக வாசகர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவன் கெட்டவன்தான், மடத்தில் மற்றவர்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறாள். அந்தத் தெளிவு வந்ததால் மடத்தின் அடுத்த தலைவியாகவும் ஆகிறாள்.

ஒரு கட்சி கேட்கிறது: உயிரைக் கொடுத்தவனைப் பற்றி இப்படியா பேசுவது? இன்னொரு கட்சி சொல்கிறது: ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் விஷம் வைத்தது இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டாவது கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டவன் கெட்டவனாகவே வரும் கதை பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன்னால் எல்லாக் கொள்ளைக்காரனுக்கும் ஒரு சோகக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஜேக்ஸும் தன் கதைகளில் நல்லவன் நல்லவன்தான், கெட்டவன் கெட்டவன்தான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு படை வந்து மதிலை முட்டும் நாவலில் எனக்கு அதில் பிரச்சினையே இல்லை. தொட்டில் குழந்தையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதே கணக்கைப் போடும்போதுதான் இடிக்கிறது.

இன்னும் இடிப்பது 2001இல் வந்த 'டேகரங்'. அதில் ஒரு நீர்நாய்க் குட்டியைக் கொள்ளைக் கூட்டம் தூக்கிப்போய் வளர்க்கிறது. தலைவன் ஒரு ஃபெரெட். அந்த நீர்நாய் அத்தனை கொலைகாரர்களுக்கு நடுவே வளர்ந்தும் நல்லவனாகவே இருக்கிறது, உயிரைக் கொல்ல மறுக்கிறது, வீடு திரும்புகிறது. இரண்டு நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்லவர்கள் வளர்த்த ஃபெரெட் கெட்டான், கெட்டவர்கள் வளர்த்த நீர்நாய் நல்லவன் ஆனான். வளர்ப்புக்கு இரண்டு இடத்திலும் வேலையே இல்லை. குலத்தளவே குணம் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைப் படித்தால் வயிற்றைப் பிசையாமல் என்ன செய்யும்? பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பழமொழியை யார் யாரைப் பார்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் அப்படியே அவரைத் தூக்கி எறிந்துவிடவும் முடியவில்லை. 'அவுட்காஸ்ட்'டுக்கு முந்தின வருடம், 1994இல், 'தி பெல்மேக்கர்' வந்தது. அதில் பிளாகட் என்று ஒரு கடல் எலி. தன் கப்பல் தலைவனோடு மடத்துக்குள் நுழைகிறான். குட்டிகள் அவனோடு ஒட்டிக்கொள்கின்றன, அவனும் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறான். தலைவன் அந்த மடத்து பேட்ஜர் அம்மாவைக் கொன்றுவிட, பிளாகட் அவனைத் தன் கையாலேயே தீர்த்துவிட்டுத் தானாக மடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறான். மன்னித்து அனுப்புகிறார்கள். அப்புறம் படகு கட்டிப் பிழைக்கிறான். 'அவுட்காஸ்ட்'டுக்கு அடுத்த வருடம், 1996இல், 'பேர்ல்ஸ் ஆஃப் லூட்ரா'. அதில் ராம்ஸ்கா என்ற கொள்ளைக்காரி பிடித்துவைத்த மடத் தலைவரைக் காப்பாற்றிச் சாகிறாள். அவளும் ஃபெரெட்தான்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வேல். மூன்று வருடத்தில் மூன்று நாவல். பேட்டியில் அவ்வளவு உறுதியாகப் பேசிய மனிதரின் பேனா அந்த மூன்று வருடமும் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடைசிப் பாய்ச்சலை எழுதியது ஒரு ஜேக்ஸ், அதற்கு அப்புறம் பிரயோனியைப் பேசவைத்தது இன்னொரு ஜேக்ஸ். நான் முதலாமவரை நம்புகிறேன். கெட்டவன் என்றே முடிக்க நினைத்திருந்தால் அவனை அவ்வளவு தூரம் ஓடவைத்திருக்க வேண்டாமே.

நமக்கு ஒரு கீரிப்பிள்ளை கதை உண்டு. தொட்டில் குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கீரி கடித்துப் போட்டுவிட்டு வாயில் ரத்தத்தோடு வாசலில் நிற்கும். தண்ணீர்க் குடத்தோடு வரும் அம்மா, பிள்ளையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்துக் குடத்தை அதன் தலையில் போட்டுவிடுவாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுவாள். சின்ன வயதில் பாட்டி அந்த இடத்தில் குரலை இறக்கிவிடுவார். பிரயோனியை என்னால் மன்னிக்க முடியாததற்கு அந்தப் பாட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் கதையில் அந்தத் தாயாவது உள்ளே போய்ப் பார்த்தாள்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி மகளிடம் சொன்னேன். கீரிப்பிள்ளை கதையைச் சொல்லி அவளை மடக்கிவிட்டதாகவே நினைத்தேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அப்பா, அந்தக் கீரி அதுக்கு முன்னாடி யாருக்காச்சும் விஷம் வச்சுதா?" என்றாள்.

"இல்லை."

"அப்புறம்? பன்ஃபோல்டு தாத்தா அவனுக்கும் சேத்துத்தான தினமும் சமைச்சாரு. அவரப் பத்தி நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

உண்மையில் சொல்லவில்லை. இந்தப் பதிவில்கூட அவருக்கு இரண்டே வரிதான் கொடுத்திருக்கிறேன், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார், முகத்தில் சிரிப்பு.

இன்று காலை மகள் அடுத்த புத்தகம் கேட்டாள். 'தி பெல்மேக்கர்' எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிளாகட்டைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது 40ஆம் பக்கத்தில் இருக்கிறாள்.