என் அம்மாவுக்கு மாத்திரை வாசலுக்கு வருகிறது, என் மகனுக்கு?

வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறே காலுக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்போம். மதுரைக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. நடுவில், ஆட்டிசம் உள்ள என் மகனுக்குத் தெரபி முக்கால் மணி நேரம். நான்கு வருஷம் இப்படி ஓடியது. ஏர் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். போய்ச் சேரும்போதே துவண்டிருப்பான். அப்புறம் அந்த முக்கால் மணி நேரத்தில் என்னத்தைக் கற்றுக்கொள்ள?

அவனுக்கு இப்போது 9 வயது. "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், அவன் மாமாவே நாலு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பி, ஒரு வருஷத்தை விட்டுவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

ஆறு வயதில் ஒருநாள், தெரபிஸ்ட் அம்மா செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் அவன்கூட விளையாடுங்க சார்" என்றார். பிறகு அந்த வீடியோவை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். "இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? இங்க பாரு, அப்பாவைப் பாரு." எண்ணினோம், 31 கேள்வி. அவனோ ஓர் எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுற்றிவிட்டு, அது கிர்ரென்று அடங்கும் வரை பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்திருக்கிறான். மூன்று தடவையும் நான் பைக்குள் பொம்மை மாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி நானும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவன் சுற்றினான், நானும் சுற்றினேன். என் மூடி ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களைப் பிடித்துத் திருகிக் காட்டினான். அவனாக வந்து என்னிடம் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை. அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடியோ எடுத்துப் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கும் இந்த முறை முதலில் இங்கிலாந்தில் சோதிக்கப்பட்டது. அதை நம் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்களோ பட்டம் வாங்கிய தெரபிஸ்டுகளோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள்தான். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரிடம் வந்து எதையாவது தெரிவிப்பது கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், எல்லாமே மாறிவிடவும் இல்லை. ஆனால் என் வீட்டுத் தரையில் நடந்ததும் இதேதான்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. பேச்சு வராத பிள்ளையை டாக்டருக்கு முன்னால் பார்ப்பது அங்கன்வாடி டீச்சர்தான். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் என் அம்மாவுக்குச் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்துபோகிறார். நான் மனதாரப் பாராட்டும் திட்டம் அது. பாட்டிக்கு மாத்திரை வரும் அதே வாசலுக்குப் பேரனுக்காக ஒருவர் வந்து, மாதம் இரண்டு தடவை எங்களோடு தரையில் உட்காரக்கூடாதா? மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையங்கள் வரத் தொடங்கியிருப்பது நல்ல விஷயம். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் அங்கே வரவும் ஒருநாள் சம்பளத்தை விட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆட்டிசம் செய்தியில் அடிபடுவதெல்லாம் காரணம் தேடும்போதுதான். 2025 செப்டம்பரில், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் போடுவதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசினார். என் மனைவி ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "அந்தக் காய்ச்சலுக்கு நான் போட்ட மாத்திரையாலதானா?" என்று கேட்டாள். சுவீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்து, அப்படித் தொடர்பு தெரியவில்லை என்று 2024-லேயே வெளியிட்டிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து அவளுக்குப் படித்துச் சொல்ல விடிந்துவிட்டது. ஒன்பது வருஷம் சுமந்தவள் மேல் இன்னொரு பழியையும் ஏற்றிவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில், மூல செல்களை உடம்பில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்டார்கள். நகையை எடை போட்டுப் பார்க்கும் வரை போய்விட்டோம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்ன பிறகும் கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். பக்கத்தில் கைகொடுக்க ஒருவர்கூட இல்லாத ஊரில் பெற்றவர்கள் வேறு எங்கே போவார்கள்?

1995-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016 சட்டத்தில்தான் 21 குறைபாடுகளில் ஒன்றாக வந்தது. அதற்காகப் போராடிய பெற்றோரை நான் மறக்கவில்லை. சர்டிபிகேட் கையில் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. வீட்டுக்கு வர ஓர் ஆள்தான் இல்லை.

சரி, வரும் திங்கட்கிழமை மனு நாளில், தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் இதைத்தான் கேட்கப் போகிறோம். அங்கன்வாடி டீச்சர்களுக்கும், வீடு தேடி வரும் பணியாளர்களுக்கும், வீடியோ எடுத்துப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். இதுவரை 11 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. வர நினைப்பவர்கள் காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கத்தினால் கத்தட்டும், அன்றைக்கு பஸ்ஸில் நம்மை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.