போல்ட் அசையாமல் பாஸான சிலிண்டர்

பயணிகள் சீட்டுக்குப் பின்னால் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சிஎன்ஜி, அதாவது வண்டியை ஓட்டும் இயற்கை எரிவாயு. அதற்குச் சோதனை? சோதிக்கும் ஐயாவுக்கு லஞ்சக் கவர் கைமாறினால் கண்ணாலேயே ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தச் சோதனை!

முறைப்படி என்றால் சிலிண்டரைக் கழற்றி, வால்வைப் பிரித்து, தண்ணீர் நிரப்பி, குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 300 பார் ஏற்றி, அழுத்தம் இறங்கியதும் சிலிண்டர் நிரந்தரமாக எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளக்கணும். அப்புறம் உள்ளே ஈரமில்லாமல் உலர்த்தணும். ஒரு போல்ட்கூட அசையாமல் இதெல்லாம் எந்த மந்திரத்தில் நடந்தது?

துரு எளிதாகப் பிடிப்பது சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு அடியில், ரப்பர் கிழிந்து ஈரம் தங்கும் இடத்தில். அங்கே டார்ச் அடித்தவர் யார்? குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழி விடும். அதற்கும் ஐயாவுக்கு நேரமில்லை. முத்திரை குத்த மட்டும் நேரமிருக்கு!

கவர் தராதவர் வண்டியா? வைப்பர் கீச்சிட்டாலே ஃபெயில்.