சன் ஆஃப் பீஸ்ட்: பழி மரத்துக்கு வேண்டாம்

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் தீம் பார்க் இருக்கிறது. 2000-ல் அங்கே திறந்து, பின்னால் விபத்தில் சிக்கி இடிக்கப்பட்ட ‘சன் ஆஃப் பீஸ்ட்’ ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, “மரத்தில் அவ்வளவு உயரம் கட்டினால் வேறென்ன ஆகும்?” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

218 அடி உயரம், மணிக்கு 78 மைல் வேகம். 200 அடியைத் தாண்டிய முதல் மர கோஸ்டர் அதுதான். அது போதாதென்று நடுவில் 118 அடி உயரத்துக்கு, தலைகீழாகச் சுற்றிவரும் ஒரு லூப் வேறு. அது மட்டும் ஸ்டீல். கட்ட வந்த கம்பெனியைப் பாதியிலேயே அனுப்பிவிட்டு, மீதி வேலையைப் பார்க் நிர்வாகமே முடித்தது. எந்தெந்த ரெக்கார்டு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் ரைடை யோசித்தார்கள் என்பது என் கணிப்பு.

பெட்டிகள் நல்ல கனம். அந்தக் கனம் அந்த வேகத்தில் வளைவில் திரும்பும்போது விசை முழுக்க மரச் சட்டங்களில்தான் இறங்கும். 2006 ஜூலை 9 அன்று ஒரு சட்டம் விரிசல் விட்டது. தடம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கிவிட, குழியில் விழுந்து எழும்பும் பஸ் மாதிரி ரயில் தூக்கிப் போட்டது. 27 பேருக்குக் காயம். வேடிக்கைக்கு வந்த குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதை எந்த ரெக்கார்டாலும் ஈடுகட்ட முடியாது.

அதற்குப் பிறகு லூப்பைக் கழற்றினார்கள். எடை குறைந்த பெட்டிகளை வாங்கி 2007-ல் மறுபடி ஓட்டினார்கள். லூப் இல்லாவிட்டால் இலகுவான பெட்டியே போதும் என்றால், அத்தனை வருடம் தடம் எதற்காக அடிவாங்கியது? 2009-ல் ஒரு பெண்மணி தலையில் பாதிப்பு என்று புகார் சொன்னதும் மூடியவர்கள், பிறகு திறக்கவே இல்லை. 2012-ல் மொத்தமாக இடித்துவிட்டார்கள்.

இப்போது அதே பார்க்கில் இருக்கும் அப்பனைப் பாருங்கள். ‘தி பீஸ்ட்’, 1979-ல் பார்க் ஆட்களே வடிவமைத்துக் கட்டியது. அதுவும் மரம்தான். 7,361 அடி நீளம்; உலகிலேயே நீளமான மர கோஸ்டர் இன்றைக்கும் அதுதான். ஏற்றம் சுமார் 110 அடிதான், ஆனால் முதல் இறக்கம் சுமார் 137 அடி! தடம் அங்கே இயற்கையாக இருக்கும் பள்ளத்துக்குள் பாய்வதால் கிடைத்த ஆழம் அது. உயரத்துக்காக மரத்தை வானம் வரை அடுக்காமல், நிலத்தின் மேடுபள்ளத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கட்டுமானத்தில் இதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை.

மரத் தடத்தில் தலைகீழாகப் போகவே கூடாது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மகனை இடித்த மறு வருடமே, 2013-ல், மிசூரியில் சில்வர் டாலர் சிட்டி ‘அவுட்லா ரன்’ மர கோஸ்டரைத் திறந்தது. அது மூன்று முறை தலைகீழாகச் சுழல்கிறது. ஆனால் உயரம் 107 அடிதான்; சக்கரம் படும் இடத்தில் மர அடுக்கின் மேல் கனத்த ஸ்டீலைப் பதித்திருக்கிறார்கள்.