தாந்திரிகம் என்று லேபிள் ஒட்டுவதற்கு முன்னால்

பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் வீட்டுச் சுவரில் எழுதிவந்த மதுபனி ஓவியத்தில் தாமரையைப் பார்த்தாலே போதும், ‘தாந்திரிகக் குறியீடு, யோனி, லிங்கம்’ என்று யாராவது விளக்கம் எழுதிவிடுகிறார்கள். விற்கிறவர்களுக்கும் அது வசதி. தாந்திரிகமே, அதாவது மந்திரமும் யந்திரமும் சக்தி வழிபாடும் சேர்ந்த அந்த வழியே, இதில் கிடையாது என்று சண்டை போட வரவில்லை, இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நம் பார்வை நின்றுவிடுகிறது, வரைந்தவர் காணாமல் போய்விடுகிறார்.

மதுபனி ஓவியர் கங்காதேவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே மிதிலையில் 1928-இல் பிறந்தவர், 1984-இல் பத்மஸ்ரீ, 1991-இல் காலமானார். கச்னி என்கிற மெல்லிய கோட்டு வேலையில் அவருக்கு ஈடு சொல்வது கஷ்டம். அவரைப் பெரிய ஆளாக்கியது கோஹ்பர், அதாவது புது மணமக்கள் தங்கும் அறையின் சுவரில் வீட்டுப் பெண்கள் எழுதும் படம். நடுவில் தண்டு ஒன்று நேராக மேலே ஏறும், சுற்றிலும் தாமரை வட்டங்கள், கிடைத்த இடத்திலெல்லாம் மீன், ஆமை, கிளி, சூரியன், சந்திரன், ஒரு பக்கம் கௌரி பூஜை. அறையின் மூலைகளில் நைனா ஜோகின். முக்காடு போட்டிருப்பாள், ஒரு கண்தான் தெரியும், கண்ணேறு படாமல் மணமக்களைக் காக்கிறவள். மந்திர தந்திரம்தான் வேண்டும் என்றால் இவளிடம் போங்கள் ஐயா! ஆனால் இவளை யாரும் பேசுவதில்லை, எல்லாருக்கும் நடுவில் இருக்கிற தாமரைதான் வேண்டும்.

அந்தத் தாமரை விளக்கமும் இன்று வந்ததல்ல. 1934 பீகார் பூகம்பத்தில் இடிந்த வீடுகளுக்குள் இந்தச் சுவர்களைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சர், 1949-இல் மார்க் என்கிற கலை இதழில் எழுதிய கட்டுரையிலேயே கோஹ்பரில் வரும் மூங்கிலையும் தாமரையையும் ஆண், பெண் உறுப்புகளாகத்தான் வாசித்தார். தப்பு என்று சொல்லமாட்டேன், கல்யாண அறையில் வேறு எதை வரைவார்கள்? அதோடு முடித்துவிடுவதுதான் சோம்பேறித்தனம்.

ஏனென்றால் ஊருக்கெல்லாம் கல்யாண அறை எழுதிய கங்காதேவியம்மாவை விட்டுவிட்டு அவர் கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். 1966-67 பஞ்சத்துக்குப் பிறகு, பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று காகிதம் கொடுத்து வரையச் சொன்னார்கள். சுவரில் இருந்தது காகிதத்துக்கு வந்தது, அவரும் வரைந்தார். 1985-இல் இந்தியத் திருவிழாவுக்காக அமெரிக்கா போனவர் ரோலர் கோஸ்டரை வரைந்தார், அப்புறம் புற்றுநோய் வந்தபோது தன் ஆஸ்பத்திரி நாட்களையும் அதே கோட்டில் வரைந்தார். தேவிக்கு ஒரு கை, மருத்துவமனைக் கட்டிலுக்கு ஒரு கை என்று அவரிடம் இல்லை. இதை எந்த தாந்திரிக அகராதியை வைத்து விளக்குவது?

தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் நோயோடு போராடிய கடைசிக் காலத்தில் அவர் ஓர் அறை முழுக்க கோஹ்பர் எழுதியிருந்தார். புதுப்பிக்கிறோம் என்று அந்தச் சுவரோவியத்தை அழித்துவிட்டார்கள், 2015-இல் செய்தியே வந்தது. பத்மஸ்ரீ கொடுத்த அதே அரசாங்கத்தின் அருங்காட்சியகம்தான். மர்மம், சக்தி, குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அது இருந்தவரை போய்ப் பார்த்தார்கள்?