இணைப்பு விமானத்தின் இரண்டாவது சோதனை

சென்னையில் பாதுகாப்புச் சோதனையை முடித்துக்கொண்டு விமானம் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, விமான நிலையத்துக்கு வெளியே கால் வைக்காமலே லண்டன் விமானத்தைப் பிடிக்கப் போகிறவரை மறுபடியும் வரிசையில் நிறுத்தி பெல்ட்டைக் கழற்றச் சொல்வது ஏன் என்ற புலம்பல், ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் என் நண்பர்களின் பதிவுகளில் தவறாமல் வந்துவிடுகிறது. நடுவானில் யார் எங்களுக்கு வெடிகுண்டு விற்றார்கள் என்று கேலியாகக் கேட்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதனால் வரும் இழப்பையெல்லாம் பயணி தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1987 நவம்பர் 29 அன்று பாக்தாத்திலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாக சியோலுக்குப் புறப்பட்ட கொரியன் ஏர் 858 விமானத்தில் வட கொரிய உளவாளிகள் இருவர் ஏறினார்கள். வானொலிப் பெட்டிக்குள் வெடிகுண்டையும் மதுப் புட்டிக்குள் திரவ வெடிமருந்தையும் மறைத்து, இருக்கைக்கு மேலிருந்த அடுக்கில் வைத்துவிட்டு, அபுதாபியில் சாவகாசமாக இறங்கிப் போனார்கள். விமானம் அந்தமான் கடலுக்கு மேலே வெடித்து 115 பேர் இறந்தார்கள். இடைவழி நிலையம் என்பது வெறும் காத்திருப்புக் கூடம் இல்லை என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதை நம்மில் பலர் அறிவோம். 1985 ஜூன் 23 அன்று 329 உயிர்களைப் பலிகொண்ட அந்தக் குண்டு, வான்கூவரில் ஒரு பெட்டிக்குள் வைத்து அனுப்பப்பட்டு, டொராண்டோவில் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்பட்டது. பெட்டி ஏறியது, அதை ஒப்படைத்தவர் ஏறவில்லை. டொராண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பாதியில் பழுதாகிவிட்டிருந்தது. அதே நாளில் டோக்கியோவின் நரிட்டாவில், பாங்காக் செல்லும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்ற வேண்டியிருந்த இன்னொரு பெட்டி வெடித்து, சுமை ஏற்றும் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டுமே இணைப்புப் பெட்டிகள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் பாதுகாப்பு பற்றிய 17ஆம் பிற்சேர்க்கை, விமானம் மாறிச் செல்லும் பயணிகளையும் அவர்களுடைய கைப்பைகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்கிறது. புறப்பட்ட நாட்டின் சோதனை தன் தரத்துக்கு ஈடானது என்று ஒரு நாடு ஆராய்ந்து ஏற்றுக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் அப்படி ஏற்றிருப்பதால், நியூயார்க்கிலிருந்து பிராங்பர்ட் வழியாக ரோம் செல்பவர் பொதுவாக மறுசோதனைக்கு நிற்பதில்லை. சென்னையிலிருந்து அதே வழியில் போகிறவர் நிற்கிறார். இதில் நம் மானம் போய்விட்டதாக நினைக்க ஒன்றுமில்லை, அரசுகள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. சிங்கப்பூர் சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் விமானம் ஏறும் வாசலிலேயே சோதனை நடப்பதால், உள்ளூர்ப் பயணிக்கும் மாறிச் செல்பவருக்கும் ஒரே நடைமுறைதான். கடைசி நேரத்தில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதைத் தவிர, எனக்கு அந்த முறையில் குறை தெரியவில்லை.

உண்மையான தொல்லை திரவங்களில்தான் தொடங்குகிறது. திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கத் தீட்டப்பட்டு, 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் அம்பலமான சதிக்குப் பிறகு வந்த 100 மில்லி வரம்பு எல்லோருக்கும் தெரியும். டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் பெரிய புட்டிக்கு, ரசீதுடன் முத்திரையிட்ட பையில் பிரிக்காமல் இருந்தால் சலுகை உண்டு என்பதும் தெரியும். அந்தப் பையைக் கடைசி விமானம் ஏறும்வரை பிரிக்கக் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வளைகுடா விமான நிலையம் ஒன்றில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா, மருமகனுக்கு வாங்கிய சென்ட் புட்டியை இடம் பற்றாமல் பையைக் கிழித்துத் தன் கைப்பைக்குள் துணிகளுக்கு நடுவே செருகியிருந்தார். காவலர் கிழிந்த முத்திரையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் புட்டியைத் தொட்டியில் போட்டார். “ஏறும்போது விட்டாங்களே, இறங்குனா ஆகாதாப்பா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார் அந்த அம்மா. காவலர் செய்தது விதிப்படி சரி. பணத்தை எண்ணி வாங்கிய கடைக்காரர், போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகும், உங்களுக்கு இணைப்பு விமானம் இருக்கிறது, இதைப் பிரிக்காதீர்கள் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேரக் கணக்கிலும் இதே கதைதான். இரண்டு விமானங்களுக்கும் இடையே ஒரு மணி நேரம் போதும் என்று டிக்கெட் விற்கிறார்கள். முதல் விமானம் இருபது நிமிடம் தாமதித்து, சோதனை வரிசையும் நீண்டுவிட்டால் ஓடுவது பயணிதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுக்கும் முகவர்கள், இணைப்பு தவறினால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடக்கூடும் என்பதைச் சொல்வதே இல்லை. டிக்கெட் உறுதியானதும் வரும் குறுஞ்செய்தியில், நீங்கள் இறங்கும் ஊரில் மறுசோதனை உண்டு, திரவத்துக்கு இன்ன வரம்பு, தவறினால் பொறுப்பு இன்னாருடையது என்று மூன்று வரி சேர்ப்பதை விமான நிறுவனங்களுக்கும் முகவர்களுக்கும் நம் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும்.