உச்சவரம்பு விளையாடுகிறவருக்கு மட்டும்தானா?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில், அணிகளின் சம்பளச் செலவுக்கு இருக்கும் உச்சவரம்பு விதிகளால் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தன் முக்கிய வீரர்களை வெளியே அனுப்பிய செய்திக்குக் கீழே நம் நண்பர்கள் சிலர் மகிழ்ந்து கொண்டாடியிருப்பதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. "பந்தைக் கூடைக்குள் போடுவதற்கு இவ்வளவு கோடியா, கட்டுப்பாடு வந்தது நல்லதுதான்" என்கிறீர்கள். ஹாலிடே போர்ட்லாண்டு அணிக்கும் போர்ஸிங்கிஸ் அட்லாண்டா அணிக்கும் அனுப்பப்பட்டது அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்பதாலா? 2024-ல் கோப்பையை வென்றுதந்தவர்கள் அவர்கள். வீரர்களின் சம்பளமும் வரம்பை மீறியதற்கான வரியும் சேர்ந்து 2025-26 பருவத்தில் 50 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கு வந்தது. உச்சவரம்புக்கும் மேலே 'இரண்டாம் ஏப்ரன்' என்று ஒரு செலவுக் கோடு உண்டு; அதற்கு மேல் நின்றால் இருவர் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை டிரேடில் (அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில்) வாங்க முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும், அதாவது புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், டிரேடில் கொடுக்க முடியாதபடி முடங்கும். ஆக, நன்றாக ஆடிய குற்றத்துக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. கொண்டாடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: வீரருக்குக் கொடுக்காத பணம் எங்கே போகிறது? ரசிகருக்கு டிக்கெட் விலையா குறைந்தது? பணம் உரிமையாளரிடமே தங்குகிறது. 2002-ல் 36 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட அதே அணி 2025-ல் 610 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. அந்த லாபத்துக்கு யாராவது உச்சவரம்பு விதித்தார்களா? லீக்கின் வருவாயில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறதே என்பீர்கள். அணியை விற்று வரும் தொகையும், லீக்கில் புதிய அணி சேர்ந்தால் கிடைக்கும் நுழைவுக் கட்டணமும் அந்த வருவாய்க் கணக்கில் சேர்வதே இல்லை.

சிறு நகர அணிகள் பிழைக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றிருக்கின்றன, உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு 1984-85 பருவத்திலிருந்தே இருக்கிறது. அதன் கீழேதான் சிகாகோ அணி எட்டு ஆண்டுகளில் ஆறு கோப்பைகளை அள்ளியது. சமநிலைதான் நோக்கம் என்றால் தனி வீரருக்கும் ஏன் ஓர் உச்சம்? 1997-98 பருவத்தில் அந்தச் சிகாகோ அணியின் மைக்கேல் ஜோர்டானின் சம்பளம் 3.3 கோடி டாலர், ஓர் அணிக்கான மொத்த உச்சவரம்போ 2.7 கோடிக்கும் குறைவு. இப்படிப்பட்ட சம்பளங்களைக் கண்டு பயந்துதான் தனிநபர் உச்சத்தைக் கொண்டுவந்தார்கள். விளைவு என்ன? 2016-ல் அணிக்கான வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியபோது, முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற வாரியர்ஸ் அணியே நட்சத்திர வீரர் டுராண்டையும் சேர்த்துக்கொண்டது. அவருடைய உண்மையான விலையைக் கொடுக்க வேண்டியிருந்தால் அது நடந்திருக்குமா?

இந்த விதிகளுக்கு வீரர் சங்கமே கையெழுத்திட்டதே என்பது அடுத்த வாதம். 1998-ல் ஒப்பந்தத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை ஆடவிடாமல் கதவைப் பூட்டினார்கள், சம்பளம் நின்றது, அந்தப் பருவமே 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. 2011-ல் மறுபடியும் பூட்டினார்கள். வருவாயில் 57 சதவீதமாக இருந்த வீரர்களின் பங்கு பாதியளவுக்கு இறங்கியது. அந்தக் கையெழுத்துக்கு மனமொத்த சம்மதம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சிலர் கேட்கலாம். முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் எங்கள் குழு ஒரு பெரிய திட்டத்தைக் கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்தது. பாராட்டினார்கள். பிறகு மேலாளர் ஒவ்வொருவராக அழைத்து, குழுவில் ஒருவருக்குத்தான் முதல் தர மதிப்பீடு கொடுக்க முடியும், மற்றவர்களுக்கான ஊதிய உயர்வுக்கு பட்ஜெட் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அதே மாதம் லாபத்தில் சாதனை படைத்ததாக நிறுவனம் கேக் வெட்டியது. எங்களையும் அழைத்துத் துண்டு கொடுத்தார்கள். குழுவையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட்டார்கள்.

"கோடீஸ்வரர்களுக்காக அழுகிறாயா" என்று எழுதப் போகிறவர்களையும் அறிவேன். சரி, கோடீஸ்வரர்களை விடுங்கள். 2024-ல் மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-யின் அரங்குகளை நிரப்பிய கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். 2025 ஜூலையில் அந்த லீக்கின் ஆல்-ஸ்டார் வீராங்கனைகள், எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்ற வாசகம் பொறித்த சட்டையோடு களமிறங்கியபோது, "அந்த ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்" என்று எழுதியவர்களும் இன்று கைதட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். எவ்வளவு வாங்கினால் ஒரு விளையாட்டு வீரர் உங்கள் கண்ணுக்கு உறுத்த மாட்டார்? அந்தத் தொகையைக் கீழே எழுதுங்கள். உரிமையாளருக்கான தொகையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.